யார் பயமில்லாமல் கேட்க முடியும்? கோரிக்கையும் பாதுகாப்பும் சமூக முன்னேற்றமும்

2013 ஏப்ரல் 23 அன்று, வங்கதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சாவரில் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் பெரிய விரிசல்கள் விட்டன. கட்டடத்தின் பெயர் ராணா பிளாசா. கீழ்த்தளங்களில் ஒரு வங்கிக் கிளையும் கடைகளும் இருந்தன; மேலே ஐந்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள். பார்க்க வந்த பொறியாளர் கட்டடம் ஆபத்தான நிலையில் இருப்பதாகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை வங்கி திறக்கவில்லை, கடைகளும் திறக்கவில்லை. தையல் தொழிலாளர்கள் மட்டும் உள்ளே அனுப்பப்பட்டார்கள். வராவிட்டால் அந்த மாதச் சம்பளம் கிடைக்காது என்று பலர் மிரட்டப்பட்டார்கள். வேலை தொடங்கிய சிறிது நேரத்தில் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,134 பேர் இறந்தார்கள்.

ஒரே கட்டடம், ஒரே விரிசல், ஒரே எச்சரிக்கை. வங்கி ஊழியர்களுக்குத் தெரிந்தது தையல் தொழிலாளர்களுக்கும் தெரிந்திருந்தது. பலர் உள்ளே போகத் தயங்கி வாசலில் நின்றார்கள். வித்தியாசம் என்னவென்றால், ஒரு தரப்பினர் ஒரு நாள் வராமல் இருந்தாலும் அவர்கள் பிழைப்புக்கு ஒன்றும் ஆகாது. இன்னொரு தரப்பினருக்கு ஒரு மாதச் சம்பளம் போனால் வீட்டு வாடகையும் போகும், குழந்தையின் சாப்பாடும் போகும். அந்த ஐந்து தொழிற்சாலைகளில் ஒன்றில்கூடத் தொழிற்சங்கம் கிடையாது. "நாங்கள் உள்ளே போக மாட்டோம்" என்று சேர்ந்து சொல்வதற்கு அவர்களிடம் ஓர் அமைப்பு இல்லை. தனியாகச் சொன்னால் தாங்கிக்கொள்ளக் கையில் சேமிப்பும் இல்லை.

குடிமக்களின் கோரிக்கை, அவர்களின் பாதுகாப்பு, சமூகத்தின் முன்னேற்றம் என்ற மூன்றையும் பற்றிப் பேசும்போது, நாம் வழக்கமாக அவற்றை வரிசையில் வைக்கிறோம். முதலில் நாடு வளரட்டும், பிறகு பாதுகாப்பு வரும், அப்புறம் மக்கள் கேட்பதை எல்லாம் செய்யலாம் என்று. சாவரில் நடந்தது இந்த வரிசை தவறு என்பதைக் காட்டுகிறது. பாதுகாப்பு இல்லாதவரால் கோரிக்கை வைக்க முடியாது. கோரிக்கை வைக்க முடியாதவருக்குப் பாதுகாப்பு வந்து சேராது. ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்றும் இல்லை என்ற இந்தச் சுழலை எங்கேயாவது ஓரிடத்தில் உடைப்பதைத்தான் சமூக முன்னேற்றம் என்று சொல்ல முடியும் என்பது என் கருத்து. ஏற்றுமதி வருமானம் அந்தச் சுழலைத் தானாக உடைத்துவிடவில்லை. 2013-க்கு முன்பே வங்கதேசம் உலகின் மிகப் பெரிய ஆடை ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாகியிருந்தது.

பாதுகாப்பு என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது போலீசும் ராணுவமும். திருடன் வராமல் இருப்பது, எல்லையில் போர் வராமல் இருப்பது. அதுவும் தேவைதான், இரவில் பயமில்லாமல் நடக்க முடியாத ஊரில் மற்ற எதைப் பற்றியும் பேசிப் பயனில்லை. ஆனால் 1948-இல் ஐ.நா. ஏற்ற மனித உரிமைப் பிரகடனம் இதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அதன் 3-ஆம் பிரிவு உயிருக்கும் உடலுக்குமான பாதுகாப்பைச் சொல்கிறது. 22-ஆம் பிரிவு சமூகப் பாதுகாப்பை ஒவ்வொருவருக்கும் உரிய உரிமையாகச் சொல்கிறது. வேலையின்மை, நோய், ஊனம், கணவனையோ மனைவியையோ இழப்பது, முதுமை என்று தன் கையை மீறிய காரணங்களால் பிழைப்பு போகும்போது கிடைக்க வேண்டிய பாதுகாப்பை 25-ஆம் பிரிவு விரித்துச் சொல்கிறது. 1994-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மனித வளர்ச்சி அறிக்கை இரண்டையும் ஒன்றாக்கி, 'மனிதப் பாதுகாப்பு' என்ற பார்வையை முன்வைத்தது. பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக் அதன் பின்னால் இருந்தார். பொருளாதாரம், உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல், தனிமனிதர், சமூகம், அரசியல் என்று ஏழு பக்கங்களிலிருந்தும் மனிதருக்கு ஆபத்து வரலாம் என்பது அந்த அறிக்கையின் வாதம். பெரும்பாலான மனிதர்களின் அன்றாடக் கவலை அந்நியப் படையெடுப்பைப் பற்றியது அல்ல. அடுத்த மாதச் சம்பளத்தையும், குழந்தையின் காய்ச்சலையும், குடிக்கிற தண்ணீரையும் பற்றியது.

சரி, கோரிக்கை இங்கே என்ன வேலை செய்கிறது? அரசுக்கு எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று முதலில் சொல்வது அதுதான். பெரும்பாலும் விபத்துக்கு முன்பே சொல்கிறது. 1909-இல் நியூயார்க் நகர ஆடைத் தொழிற்சாலைகளில் 20,000 பேருக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலோர் புலம்பெயர்ந்து வந்த இளம் பெண்கள். கூலி, வேலை நேரம், வேலையிடத்தின் நிலைமை எல்லாம் அவர்கள் கோரிக்கையில் இருந்தன. பல நிறுவனங்கள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டன. டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலை சங்கத்தை ஏற்க மறுத்தது. 1911 மார்ச் 25 அன்று அதே தொழிற்சாலையில் தீப்பிடித்தது. ஒரு வாசல் பூட்டிக் கிடந்தது. தீயணைப்பு ஏணி தொழிலாளர்கள் இருந்த உயரத்தை எட்டவில்லை. 146 பேர் இறந்தார்கள். பலர் ஒன்பதாம் மாடியிலிருந்து குதித்து இறந்தார்கள். உரிமையாளர்கள் மீது வழக்கு நடந்தது, விடுதலையானார்கள்.

தெருவில் நின்று அதைப் பார்த்தவர்களில் ஒருவர் பிரான்சஸ் பெர்கின்ஸ். தீ விபத்துக்குப் பிறகு மாநிலம் அமைத்த விசாரணை ஆணையத்தின் பணிகளில் அவர் பங்கெடுத்தார். தீத்தடுப்பு, வேலை நேரம், வேலையிடச் சுகாதாரம் என்று அடுத்த சில ஆண்டுகளில் நியூயார்க்கின் தொழிலாளர் சட்டங்கள் மாறின. 1933-இல் பெர்கின்ஸ் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சரானார். அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். 1935-இல் முதியோர் ஓய்வூதியத்தையும் வேலையின்மைக் காப்பீட்டையும் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியதில் அவர் பங்கு பெரியது. வேலைநிறுத்தம் செய்த பெண்கள் 1909-இல் கேட்டதற்குக் காது கொடுத்திருந்தால் 146 பேர் உயிரோடு இருந்திருப்பார்கள் என்பதை மறந்துவிட்டு இந்தக் கதையை வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிணங்கள் விழுந்த பிறகுதான் சட்டம் வரும் என்றால், அந்தச் சமூகம் முன்னேறுவதற்கு மிக அதிகமான விலை கொடுக்கிறது.

அந்த 1935 சட்டத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்பவர்களும் அதன் ஓய்வூதியத்துக்குள் வரவில்லை. அன்று கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் செய்த வேலைகள் அந்த இரண்டும்தான். தென் மாநிலங்களில் அவர்களில் மிகப் பலருக்கு வாக்களிக்கவே வழியில்லாமல் இருந்தது. 1950-களில்தான் சட்டம் திருத்தப்பட்டு அவர்கள் படிப்படியாக உள்ளே வந்தார்கள். யாருக்குக் குரல் இருந்ததோ அவர்கள் வரை பாதுகாப்பு வந்தது. குரல் இல்லாத இடத்தில் கோடு போட்டு நின்றுவிட்டது. எந்த நாட்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது அது யாருக்குப் பொருந்தாது என்று சொல்லும் பிரிவைத்தான். அந்த நாட்டில் யார் பேச்சு எடுபடவில்லை என்று அங்கே தெரிந்துவிடும்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. கோரிக்கை, போராட்டம் எதுவும் இல்லாமலே மேலிருந்து பாதுகாப்பைத் தர முடியாதா? நல்ல மனதுள்ள, அல்லது கெட்டிக்கார, ஆட்சியாளர் ஒருவர் கொடுத்துவிட்டால் போதாதா? இந்தக் கேள்விக்கு வரலாற்றில் ஒரு நேரடிப் பரிசோதனையே இருக்கிறது. ஜெர்மனியின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் 1878-இல் சோஷலிஸ்ட் எதிர்ப்புச் சட்டம் கொண்டுவந்தார். கட்சி அமைப்புகள், கூட்டங்கள், பத்திரிகைகள் தடை செய்யப்பட்டன. அதற்குப் பிறகு 1883-இல் நோய்க் காப்பீடு, 1884-இல் விபத்துக் காப்பீடு, 1889-இல் முதியோர், ஊனமுற்றோர் ஓய்வூதியம் என்று வரிசையாகக் கொடுத்தார். உலகில் ஒரு அரசு நாடு முழுவதற்கும் இப்படிக் கட்டாயக் காப்பீடு கொண்டுவந்தது அதுவே முதல் முறை. பேச்சுரிமையைப் பறித்துவிட்டுப் பிழைப்புக்குப் பாதுகாப்பு கொடுத்தால் தொழிலாளர்கள் அரசின் பக்கம் வந்துவிடுவார்கள் என்பது கணக்கு. ஓய்வூதிய வயது 70 என்று வைத்தார்கள். அந்த வயதைத் தொட்ட தொழிலாளர்கள் அன்று மிகக் குறைவு.

கணக்கு பலிக்கவில்லை. ஏன் பலிக்கவில்லை என்பதில்தான் பாடம் இருக்கிறது. நோய்க் காப்பீட்டுக்கான சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளர்களும் ஒரு பங்கை முதலாளிகளும் கட்டினார்கள். அதனால் அந்த நிதியங்களின் நிர்வாகத்திலும் அதே விகிதத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இடம் கிடைத்தது. தெருவில் கூட்டம் போடத் தடை இருந்தவர்கள் இங்கே தேர்தலில் நின்று, வரவுசெலவு பார்த்து, டாக்டர்களோடு ஒப்பந்தம் பேசி, நிர்வாகம் கற்றுக்கொண்டார்கள். காய்ச்சல் வந்தால் குடும்பம் பட்டினி கிடக்காது என்ற நிலை வந்ததும் அடுத்த கேள்வியைக் கேட்கத் துணிவும் வந்தது. 1890 தேர்தலில் சோஷலிஸ்ட் கட்சி மற்ற எந்தக் கட்சியையும் விட அதிக வாக்குகள் வாங்கியது. அதே ஆண்டு தடைச் சட்டம் காலாவதியானது, பிஸ்மார்க்கும் பதவி இழந்தார். பாதுகாப்பைக் கொடுத்து வாயை அடைக்கலாம் என்று நினைத்தார். அதுவே வாயைத் திறக்க உதவியது. சலுகையாகக் கொடுத்த பொருள் நாளாவட்டத்தில் உரிமையாக மாறியது, ஏனென்றால் அதை நிர்வகிக்கும் மேசையில் வாங்குபவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். மேலிருந்து வரும் எந்தத் திட்டத்தையும் எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை: அதைப் பெறுபவருக்கு அதை மாற்றும் அதிகாரம் கொஞ்சமாவது இருக்கிறதா?

கோரிக்கையை அடக்கும் அரசு மக்களை மட்டும் இழப்பதில்லை, தன் பார்வையையும் இழக்கிறது. 1943 வங்காளப் பஞ்சத்தில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு உணவே இல்லாமல் போய்விடவில்லை. விலை ஏறியபோது கூலித் தொழிலாளர்களாலும் மீனவர்களாலும் வாங்க முடியாமல் போனது என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் பிற்காலத்தில் விளக்கினார். காலனி அரசின் போர்க்காலத் தணிக்கை பஞ்சம் என்ற செய்தியையே மறைத்து வைத்தது. ஆகஸ்டில் கல்கத்தாவின் 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் தெருவில் கிடந்தவர்களின் படங்களை வெளியிட்ட பிறகே லண்டன் வரை அதிர்ச்சி பரவியது. சுதந்திரமான பத்திரிகையும் இயங்கும் ஜனநாயகமும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்ற சென்னின் முடிவு இங்கிருந்துதான் தொடங்குகிறது. 1958 முதல் 1961 வரை சீனாவில் கோடிக்கணக்கானோர் இறந்த பஞ்சத்திலும் இதே கோளாறு. அறுவடை குறைந்தது என்று சொல்ல அதிகாரிகள் பயந்தார்கள்; இல்லாத நெல்லைக் கணக்கில் காட்டினார்கள்; அந்தக் கணக்கை நம்பி அரசு இருந்ததையும் கொள்முதல் செய்தது. 'பசிக்கிறது' என்று ஒருவர் சொல்ல முடியாத இடத்தில், பசி இருப்பதே மேலே இருப்பவருக்குத் தெரியாமல் போகிறது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரிலேயே கோரிக்கைகள் நசுக்கப்படுவதும் உண்டு. எகிப்தில் 1981-இல் அதிபர் அன்வர் சாதாத் கொல்லப்பட்ட பிறகு அவசரநிலைச் சட்டம் வந்தது. அது 2012 வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேல், நீட்டிக்கப்பட்டுக்கொண்டே போனது. விசாரணையின்றிக் காவலில் வைக்கலாம், கூட்டங்களைத் தடுக்கலாம். நாட்டின் பாதுகாப்புக்காக என்று ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்டது. 2011-இல் மக்கள் தெருவுக்கு வர ஜனவரி 25-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். அது அந்த நாட்டின் காவல்துறை தினம். அவர்கள் எழுப்பிய முழக்கத்தில் ரொட்டி, சுதந்திரம், சமூக நீதி மூன்றும் ஒரே மூச்சில் வந்தன. எந்த நிபுணரும் சொல்லிக்கொடுக்காமலே, வயிற்றுக்கான பாதுகாப்பும் போலீசிடமிருந்தான பாதுகாப்பும் ஒரே விஷயத்தின் இரண்டு முகங்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதற்காக எல்லாக் கோரிக்கையும் முன்னேற்றம் ஆகிவிடாது. பயமும் ஒரு கோரிக்கையாக வரும். புதிதாகக் குடிவந்தவர்களை வெளியேற்று, அந்தத் தெருக்காரர்களைக் கண்காணி, எங்கள் வேலையில் அவர்களைச் சேர்க்காதே என்று கேட்பவர்களும் குடிமக்கள்தான். அவர்கள் பயம் பல நேரங்களில் உண்மையானதும்கூட. இதைப் பிரித்துப் பார்க்க நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்துக்கொள்கிறேன். இந்தக் கோரிக்கை நிறைவேறினால் வேறு யாராவது தன் குறையைச் சொல்ல முடியாத நிலைக்குத் தள்ளப்படுவார்களா? எட்டு மணி நேர வேலை கேட்டவர்கள் யாருடைய வாயையும் மூடவில்லை. 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் சுமார் 90 விழுக்காட்டினர் அலுவலக வேலையையும் வீட்டு வேலையையும் ஒரு நாள் நிறுத்தினார்கள். அதனால் எந்த ஆணும் உரிமை இழக்கவில்லை. அடுத்த ஆண்டு சமத்துவச் சட்டம் வந்தது, 1980-இல் விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் நாட்டின் அதிபரானார். ஒரு பிரிவினரின் குடியுரிமையை, வாக்கை, வசிப்பிடத்தைப் பறிக்கச் சொல்லும் கோரிக்கை வேறு வகை. அது பெறுபவருக்குத் தற்காலிக நிம்மதி தரலாம். ஆனால் முன்பு சொன்ன சுழலுக்குள் புதிதாகச் சிலரைத் தள்ளிவிடுகிறது.

அப்புறம் பணம். இவ்வளவு பாதுகாப்பும் கொடுக்க ஏழை நாட்டால் முடியுமா, கொடுத்தால் மக்கள் சோம்பேறி ஆகிவிட மாட்டார்களா என்று எப்போதும் கேட்கப்படுகிறது. 1883-இன் ஜெர்மனி இன்றைய நடுத்தர வருமான நாடுகளைவிட ஏழை நாடு. பிரிட்டன் தன் தேசிய சுகாதாரச் சேவையை 1948 ஜூலையில் தொடங்கியபோது போரில் கடன்பட்டு, ரேஷனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சோம்பேறித்தனத்துக்கும் பதில் உண்டு. மெக்சிகோ 1997-இல் தொடங்கிய ப்ரோக்ரெசா திட்டம், குழந்தைகள் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போனால் தாய்மார் கையில் பணம் கொடுத்தது. முன்னால் தொடங்கிய கிராமங்களையும் பின்னால் தொடங்கிய கிராமங்களையும் ஒப்பிட்டபோது, உயர்நிலை வகுப்புகளில் சேர்பவர்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், கூடியிருந்தார்கள். பின்லாந்து 2017, 2018 ஆண்டுகளில் வேலையில்லாத 2,000 பேருக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் மாதம் 560 யூரோ கொடுத்துப் பார்த்தது. அவர்கள் வேலை செய்வது குறையவில்லை. மன அழுத்தம் குறைந்தது, எதிர்காலத்தில் நம்பிக்கை கூடியது. காலடியில் நிலம் உறுதியாக இருக்கிறது என்று தெரிந்தவர் புதிய தொழிலை முயன்று பார்க்கிறார், மோசமான வேலையை விடுகிறார், பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் இன்னும் இரண்டு வருஷம் படிக்க வைக்கிறார். நாட்டின் வளர்ச்சி என்று நாம் சொல்வது கடைசியில் இப்படிப்பட்ட முடிவுகளின் கூட்டல்தான்.

உலகம் எந்த அளவுக்கு இதைச் செய்திருக்கிறது? 1952-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் 102-ஆம் உடன்படிக்கையில் சமூகப் பாதுகாப்பை ஒன்பது கிளைகளாக வகுத்தது: மருத்துவம், நோய்க்கால உதவி, வேலையின்மை, முதுமை, வேலையிட விபத்து, குடும்பம், மகப்பேறு, ஊனம், குடும்பத் தலைவரை இழத்தல். மருத்துவமும் நோய்க்கால உதவியும் நீங்கலாக, இவற்றில் ஏதாவது ஒன்றாவது கிடைக்கிறவர்கள் 2023-இல் உலக மக்கள்தொகையில் 52.4 விழுக்காடு என்று அதே அமைப்பு கணக்கிட்டது. பாதியைத் தாண்டியது அதுவே முதல் முறை. மீதி ஏறக்குறைய 380 கோடிப் பேருக்கு அவற்றில் ஒன்றுமே இல்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தி என்ற எண்ணில் இந்த 380 கோடி தெரியமாட்டார்கள். சமூக முன்னேற்றக் குறியீடு போன்ற அளவீடுகள் வருமானத்தை விட்டுவிட்டு அடிப்படைத் தேவை, நலவாழ்வு, வாய்ப்பு என்று நேரடியாக அளக்கப் பிறந்ததே இதனால்தான்.

அந்த வெளியே நிற்கும் கூட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால், கேட்டால் எல்லாவற்றையும் இழப்பவர்களே நிறைந்திருக்கிறார்கள். வளைகுடா நாடுகளின் கஃபாலா முறையில் வெளிநாட்டுத் தொழிலாளியின் விசா முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும். சம்பளம் வரவில்லை என்று புகார் கொடுத்தால் வேலை போகும். வேலை போனால் நாட்டில் இருக்கும் அனுமதியும் போகும். அங்கே தொழிலாளர் நீதிமன்றம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதன் படியேற ஒருவர் துணிவது கடினம். கத்தார் 2020-இல், முதலாளியின் தடையில்லாச் சான்று இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டத்தை மாற்றியது. குறைந்தபட்ச ஊதியமாக மாதம் 1,000 ரியாலையும் நிர்ணயித்தது. சட்டம் வந்த பிறகும் பழிவாங்கும் பயம் முழுதாகப் போகவில்லை, வேலை மாற முயல்பவர்கள்மீது 'ஓடிப்போனார்' என்று முதலாளிகள் பொய்ப் புகார் கொடுப்பதும் தொடர்ந்தது. ஆனாலும் எந்த முடிச்சை முதலில் அவிழ்க்க வேண்டும் என்பதை அந்தச் சட்டம் சரியாகக் கண்டது. வீட்டு வேலை செய்பவர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கை 2011-இல் வந்தது. உலகின் பெரும்பாலான நாடுகள் இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. செயலி வழியாக உணவும் பயணமும் தருபவர்கள் பல நாடுகளில் சட்டப்படி தொழிலாளிகளே அல்ல, 'பங்குதாரர்கள்'. மழையில் வண்டி ஓட்ட முடியாது என்று ஆர்டரை மறுத்தால் அவர்களுடைய மதிப்பெண் குறைகிறது, மதிப்பெண் குறைந்தால் அடுத்த வேலை குறைகிறது, காரணம் கேட்க எதிரே ஒரு மனிதர்கூட இல்லை. இவர்களுக்கு முதலில் வேண்டியது, மறுத்ததற்காகத் தண்டிக்கப்பட மாட்டீர்கள் என்று எழுதிவைத்த ஒரு விதியும், அதை மீறினால் போய் முறையிட ஓர் இடமும்.